எதிர் வீட்டுத் தூக்கு

"தூக்கு மறுபடியும் வந்துடுச்சா?" வேலையிலிருந்து திரும்பிய கிருஷ்ணசாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"வந்துடுச்சு. நண்டுக் குழம்பு," என்றாள் நிர்மலா. "எதிர் வீட்டு வெற்றிச்செல்வன் காலையிலயே பிள்ளைச்சாவடிக் கடற்கரைக்குப் போயி உசுரோட வாங்கியாந்திச்சாம். ஆறிப்போறதுக்குள்ள உக்காருங்க."

உட்காரக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். வாசனை அப்படி.

முதலியார்பேட்டையில் அந்த மாடியில் எதிரெதிராக இரண்டே வீடு. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வாசலை ஒட்டிய படியில் எவர்சில்வர் தூக்கு நிறையக் கூழ் இருந்தது. எதிர் வீட்டுச் சந்திரகலாவுக்குத்தான் என்ன தாராள மனசு என்று நிர்மலா உருகிப்போனாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பலாமா? கேசரி கிளறி நிரப்பினாள். சந்திரகலாவுக்கு ஷிப்ட் வேலை, வீடு பூட்டியிருந்தது. கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தாள். இரண்டு நாளில் அதே தூக்கு சுறாப்புட்டோடு இவள் கதவில் தொங்கியது. பதிலுக்கு இறால் தொக்கு போனது. அதற்குப் பதில் பிரியாணி வந்தது. மாசி பிறந்தும் தூக்கு ஓயவில்லை. கிருஷ்ணசாமியின் செக்யூரிட்டி சட்டையில்தான் பட்டன் நிற்கவில்லை.

கடைசி நண்டுக் காலையும் உறிஞ்சி முடித்துவிட்டுச் சொன்னார். "இதோட நிறுத்திக்கலாம் நிர்மலா. அடுத்த தபா சக்கரை கொறயலன்னா தெனம் ஊசிதான்னு கதிர்காமம் ஆஸ்பத்திரியில டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு ஊசின்னாலே பயம்."

"நீங்க கொறைச்சித் தின்னுங்க."

"அது என்னால முடியாது. நீ ஒரு பிடி சக்கரை போட்டுத் திருப்பிக் குடுத்துடு. ஊர்ல எல்லாரும் செய்யிறதுதானே."

"நண்டுக்குச் சக்கரையா? அந்தப் பொண்ணு என்னை இன்னான்னு நெனைக்கும்? நாளைக்கு மட்டன் பிரியாணிதான் போவுது," என்று முடித்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் கறிக்கடைக்குப் போன நேரம் பார்த்து, கிருஷ்ணசாமி தூக்கைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். பிறந்ததிலிருந்து அவர் யாருக்கும் வெறும் பாத்திரத்தைக் கொடுத்ததில்லை.

கதவைத் திறந்த சந்திரகலாவின் கணவன் வெற்றிச்செல்வன் தூக்கை வாங்கி மூடியைத் திறந்தான். உள்ளே பார்த்தான். நம்பாமல் விரலை விட்டுத் தடவியும் பார்த்தான்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத," என்று கிருஷ்ணசாமி தயங்கினார்.

வெற்றிச்செல்வன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். ஆடியில தச்ச பேண்ட் ஒண்ணும் இடுப்புல ஏற மாட்டேங்குது. கலா கிட்ட சொன்னா, அவங்க குடுக்குறப்ப நம்ம குடுக்கலன்னா அசிங்கம்னு சண்டைக்கு வர்றா. என்னைக்கு இது காலியா வரும்னு காத்துக் கெடந்தேன்."

"அட, நீயும் என்னை மாதிரிதானா."

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. தொப்பைகள் இடம் கொடுத்த அளவுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அத்தனை மாதங்களுக்குப் பிறகு கிருஷ்ணசாமிக்கு அன்றுதான் உடம்பு லேசான மாதிரி இருந்தது.

"சரி தம்பி, உங்க தூக்கை அலமாரியில வெச்சுப் பூட்டிடு. வெளியவே எடுக்காத."

வெற்றிச்செல்வன் விழித்தான். "எங்க தூக்கா? இது உங்களுதாச்சேண்ணே."

"எங்களுதா? எங்க வீட்ல இந்த மாதிரி தூக்கே கெடையாதே."

அப்போது துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறி வந்த கீழ் வீட்டு அஞ்சலாட்சி, தூக்கைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். வெற்றிச்செல்வன் கையிலிருந்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆடியில ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இந்தப் படியில என் தூக்குல கூழு வெச்சிட்டுப் போனேன். தானா திருப்பித் தருவாங்கன்னு இன்னி வரைக்கும் நானும் வாயத் தொறந்து கேக்கல," என்றவள், மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ மாசம் கழிச்சிக் குடுக்குறீங்க, அதையும் வெறும் தூக்காவா குடுப்பாங்க?"