திரைக்கு அந்தப் பக்கத்துப் பியானோ

“ஒரேயொரு தரம் வாசிச்சுக் காட்டுங்க மகள். கேட்டிட்டு நான் என்ட பாட்டில போயிருவன்.”

அன்ராடோ மாஸ்டர் திரைச்சீலையைப் பார்த்துத்தான் கேட்டார். அதற்கு அந்தப் பக்கம் ஸம்ஸியா இருந்தாள். ஐந்து வருஷம் பியானோ கற்றுக்கொடுத்த மாணவியின் முகத்தை அவர் இன்றுவரை கண்டதில்லை.

அது ஒரு பெரிய கூத்து. ஸம்ஸியாவின் வாப்பா, ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த உதுமாலெவ்வைப் போடியார், ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பியானோவை ஏலத்தில் எடுத்து, மாட்டுவண்டியில் ஏற்றி மருதமுனைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஆண் வாத்தியாரா என்று ஊர் முணுமுணுத்தது. போடியாரா மசிகிறவர்? நடுவில் ஒரு திரையைக் கட்டிவிட்டு, மட்டக்களப்பிலிருந்து இந்தப் பறங்கி மாஸ்டரைக் கூட்டிவந்தார். மாஸ்டர் கதிரைக் கையில் தாளம் தட்டியபடி இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். எந்த விரல் சோம்பல்படுகிறது என்பதைக் காதாலேயே பிடித்து அதட்டுவார். என்ன அருமையான நாட்கள் அவை!

அப்போது அவர் கொழும்பு மேடைகளில் பேரெடுத்த கலைஞர். கோட்டு, பூச்செண்டு, பத்திரிகையில் படம். பிறகு விரல் மூட்டுகளில் வாதம் வந்து கச்சேரிகள் நின்றன. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சோதனை பாசானதும் அத்தனை பேரும் பியானோவை மூடிவிட்டார்கள். ஸம்ஸியா ஒருத்தியாவது இன்னும் வாசிப்பாள் என்று நம்பித்தான், அடுத்த மாதம் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப்போகிற மனிதர் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்திருந்தார்.

“இப்ப கை வராது மாஸ்டர்” என்றாள் ஸம்ஸியா.

“பிழைச்சாலும் காரியமில்ல. நான் ஏசமாட்டன்.”

மாஸ்டரின் பக்கத்தில் இருந்த அவள் கணவன் மீராசா நெளிந்தான். சாறன் துணி வியாபாரி. சந்தையில் ஊரையே கதையால் மடக்குகிறவன், தேத்தண்ணிக் கோப்பையை மாஸ்டர் பக்கம் நகர்த்தினான்.

“அவ கனநாளா வாசிக்கல்ல மாஸ்டர். தேத்தண்ணி ஆறுது, குடிங்க.”

“அப்ப, நான் செஞ்ச தொழிலுக்கு ஒரு ஆளும் மிச்சமில்ல எண்டுதான் கப்பலேற வேணும், என்ன?”

“இரிங்க மாஸ்டர்” என்றாள் ஸம்ஸியா. வளையல் சத்தம் உள்ளறைக்குப் போயிற்று.

இசை வந்தது.

முதல் வரியிலேயே மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். முடங்கிப்போன விரல்கள் முழங்காலின் மேல் கூடவே ஓடின. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

“சந்தோசம் மகள். எனக்கு இது போதும்” என்று எழுந்தார்.

பஸ்ஸடிவரை கூடவந்த மீராசாவுக்கு மனம் கேட்கவில்லை.

“மாஸ்டர், ஒங்கள ஏமாத்தி அனுப்பினா அல்லாஹ் பொறுக்கமாட்டான். போன மார்கழி வெள்ளத்தில பியானோ ஊறி வெடிச்சிப் போச்சு. நீங்க மனசொடிஞ்சி போகக் கூடாதெண்டுதான் அவ கிராமபோனப் போட்டா. வீட்டில இருவது தட்டு கிடக்கு. அவ ஒவ்வொரு நாளும் இந்த ஒண்டைத்தான் போட்டுக் கேப்பா, மத்ததைத் தொடவும் மாட்டா. மன்னிச்சிருங்க.”

மாஸ்டர் அவன் தோளில் கை வைத்தார்.

“தெரியும் தம்பி. அந்தத் தட்டில வாசிக்கிறது நான்தான். அது ஒங்கட பொஞ்சாதிக்கும் தெரியும்.”