திறப்பு விழா

"ஒரு ரூமையே வளைச்சுப் போட்டு வச்சிருக்காரு சார் அவரு. கேட்க ஆளே இல்லையா?"

துறைத் தலைவரின் மேசை முன்னால் நின்று பொரிந்து தள்ளினாள் அக்கா மேடம்.

அந்தப் பெயர் மாணவர்கள் வைத்தது. புவியியல் துறைக்கு வந்த புதிதிலிருந்தே, யார் முகம் வாடியிருந்தாலும் கூப்பிட்டு என்ன ஏதென்று விசாரிக்கிறவள்.

அவள் குற்றம் சொன்னது பூதம் சாரை. ஓய்வு பெறப்போகும் பேராசிரியர். மாடியின் கோடியில் பழைய வரைபடங்களைச் சுருட்டி வைத்திருக்கும் அறை அவர் பொறுப்பில் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் அதன் வாசலில் நாற்காலியைப் போட்டு, புதையல் காக்கும் பூதம் மாதிரி உட்கார்ந்துவிடுவார். ஒரு ஈ காக்கை உள்ளே போக முடியாது.

"பூச்சி மருந்து அடிச்சிருக்கு, போ போ" என்று விரட்டுவார்.

தினமுமா பூச்சி மருந்து அடிப்பார்கள்?

அக்கா மேடத்துக்கு அந்த அறை வேண்டியிருந்தது. உடல் குறையோ மன உளைச்சலோ உள்ள மாணவர்களுக்காக ஓர் ஆதரவு மையம் தொடங்க, மாதக்கணக்கில் அலைந்துகொண்டிருந்தாள். அவளுடைய தம்பி கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டிலேயே முடங்கிப் போனவன். அன்றைக்கு அவனிடம் ஒரு வார்த்தை கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது.

"வேற எது வேணாலும் எடுத்துக்கோங்கம்மா" என்றார் பூதம் சார். "என்னோட ரூமையே காலி பண்ணித் தரேன். அது மட்டும் வேணாம்."

"ஏன் சார்? காரணத்தைச் சொல்லுங்க."

அவர் சட்டைப்பையில் கை வைத்துக்கொண்டார்.

"சொல்ல முடியாதும்மா."

"பூச்சி மருந்தா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா மேடமும்தான்.

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

விடுமுறையில் அறைக்கு வெள்ளையடித்து, பளிச்சென்று விளக்குகள் போட்டார்கள். 'மனம் விட்டுப் பேசுங்கள், காது கொடுத்துக் கேட்கிறோம்' என்று சுவரில் பெரிதாக எழுதினார்கள். மாணவர்கள் எல்லோரும் வர வசதியாக, வகுப்புகள் தொடங்கிய அன்றே மதிய இடைவேளையில் திறப்பு விழா. துணைவேந்தர் ரிப்பன் வெட்டினார். மைக், கைதட்டல், போட்டோ. எதிலும் குறைவில்லை.

அதற்கப்புறம்தான் ஒருவரும் வரவில்லை.

அக்கா மேடம் மதியந்தோறும் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள். அப்படி ஒருநாள் இருந்தபோதுதான், வகுப்பில் கடைசி வரிசைப் பெண் கொஞ்ச நாளாகக் கண்ணில் படவில்லை என்பது உறைத்தது. யாரோடும் பேச மாட்டாள். ஆனால் கேள்வித்தாளைக் கையில் கொடுத்தால் வெளுத்து வாங்குவாள்.

அக்கா மேடம் அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மாதான் எடுத்தார்.

"அவ இனிமே வரமாட்டாம்மா. டி.சி. வாங்கிட்டோம். அழுதது போதும்."

போனை வைத்தபோது தம்பியின் முகம்தான் கண்முன் வந்தது. அறையை விட்டு வெளியே வந்தாள். எதிரே பூதம் சார் வந்துகொண்டிருந்தார்.

"மனசு ஆறல சார். கடைசி வரிசைப் பொண்ணு படிப்பையே விட்டுட்டாளாம். அவளை மாதிரி பசங்களுக்காகத்தானே இதெல்லாம் செஞ்சோம்? ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?"

அவர் திறந்து கிடந்த அறையைப் பார்த்தார்.

"இனிமே சொன்னா தப்பில்ல" என்றார். "சேர்ந்ததிலேருந்து மதியம் முழுக்க அவ இந்த ரூம்லதாம்மா இருந்தா. சத்தமும் கூட்டமும் வெளிச்சமும் அவளுக்கு ஆகாது. இருட்டுல தனியா கொஞ்ச நேரம் உட்கார்ந்தாத்தான் அடுத்த வகுப்புக்கு வர முடியும். யாருக்கும் தெரிய வேணாம், எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டா. வாக்குக் கொடுத்துட்டேன்."

அக்கா மேடம் கையை நீட்டி அறையின் விளக்குகளை அணைத்தாள்.

"விழா அன்னிக்கு அவளை வேற எங்கயாவது உட்கார வைக்கலாம்னு கீழே போய்த் தேடினேன். அதுக்குள்ள அவ வேற படி வழியா மேலே வந்துட்டா."

"நான்... நான் அவளைப் பார்த்த ஞாபகமே இல்லையே சார்?"

"பார்த்தீங்கம்மா. வாசல்ல நின்னவளை மைக்லயே கூப்பிட்டீங்க, 'உள்ளே வாம்மா, கூச்சப்படாதே, இது உனக்காகத்தான்'னு. அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தாங்க."