நாற்பத்திரண்டு கையெழுத்து

“பைபிள்ல தீமோத்தேயுவுக்குன்னு இருக்கிற முதல் நிருபத்தை, அந்தக் கடிதத்தை, அப்போஸ்தலர் பவுல் எழுதலைன்னு பிரசங்கத்துல சொன்னீங்களா, இல்லியா?”

கடலூரிலிருந்து விசாரிக்க வந்திருந்த தலைமைப் போதகர் கேட்டார்.

“சொன்னேங்க ஐயா,” என்றார் கள்ளக்குறிச்சி சபையின் இளம் போதகர் கலைவாணன். “படிச்சவங்க நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. பவுலுக்கு அப்புறம் அவரோட சீடர் யாரோ அவர் பேர்ல எழுதியிருக்கலாம்னு சொன்னேன். அது வேதம் இல்லைன்னு சொல்லலை.”

சபை மூப்பர் ஆசீர்வாதம் எழுந்துவிட்டார். “கேட்டீங்களா ஐயா? அடுத்தவன் பேர்ல எழுதறதுக்கு இன்னா பேரு? திருட்டுத்தனம்! அது வேதத்துலயே இருக்குன்றாரு. இவரு இங்க இருக்கக் கூடாது. நான் மட்டும் சொல்லலை. நாப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்ட மனு உங்க கையிலயே இருக்கு.”

கலைவாணன் வாசலைப் பார்த்தார். எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி அங்கே நின்றிருந்தாள். வேலை போனால் சபை கொடுத்த வீடும் போகும்.

தலைமைப் போதகர் மனுவைப் பிரித்தார். “மூங்கில்துறைப்பட்டுல மட்டும் பதினெட்டு பேர். தேதி எண்பத்தேழு செப்டம்பர் இருபது. இடஒதுக்கீடு மறியல்ல ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த வாரமாச்சே! நானே கடலூரை விட்டு நகர முடியலை. நீங்க எப்படி அங்க போனீங்க?”

ஆசீர்வாதம் உட்கார்ந்துகொள்ள, தலைமைப் போதகர் பெயர் வரிசையில் விரலை ஓட்டினார்.

“இந்தப் பதினெட்டுல ஜெயம்மாள்ன்றது யாரு?”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறவள்.

“நான்தாங்க. ஆனா எனக்கு எழுதத் தெரியாதுங்க. ரேகைதான் வெப்பேன்.”

சபை சலசலத்தது. ஆசீர்வாதத்தின் குரல் இறங்கியது.

“பஸ் ஓடலைங்க ஐயா. மனுவும் அவசரம். அவங்களைக் கேட்டிருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாங்க. அதான் நானே அவங்க பேரை...”

யாரோ சிரித்தார்கள். கலைவாணன் சிரிக்கவில்லை.

“விட்டுடுங்க ஐயா. வயசுல பெரியவரு. நெசமாவே அப்படி நம்பித்தான் எழுதியிருப்பாரு.”

தலைமைப் போதகர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

“உங்களைக் கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்பீங்க?”

“பாஸ்டர் இருக்கணும்னு சொல்லியிருப்பேங்க,” என்றாள் ஜெயம்மாள். “மறியல் வாரத்துல எங்க ஊருக்கு ஒருத்தரும் வரலை. எம் பொண்ணுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டு, வெட்டிப் போட்ட மரத்து மேலெல்லாம் சைக்கிளைத் தூக்கிக்கினு வந்து மாத்திரை குடுத்தது இவருதாங்க.”