வைதேகியின் கேமரா

ஜான்சி கேமராவைத் திறந்து கரண்டியைக் காட்டினாள். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தக் கிளி அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மிஸ், ஒட்டிக்கினு கீது மிஸ்!"

இருபத்தெட்டு வயதுக்காரி, ஆறாம் வகுப்புப் பிள்ளையாக நடிக்கிறாள். பி.எட். படிப்பில் இது ஒரு கூத்து. நாங்கள் பாடம் நடத்திப் பழக, கூடப் படிக்கிறவர்களே மாணவர்களாக உட்கார வேண்டும். இந்த வருடம் அதை ஆன்லைனிலும் ஆக்கிவிட்டார்கள். அவரவர் வீட்டிலிருந்து அட்டகாசம் செய்கிறார்கள்.

எனக்கோ அது தேர்வு. பாடம் முடிவதற்குள் எல்லாக் கேமராவையும் திறக்க வைக்க வேண்டும். போன முறை ஒன்றுகூடத் திறக்கவில்லை, ஃபெயில். இந்த முறையும் கோட்டைவிட்டால், சாந்தோமில் ஒரு பள்ளியில் எனக்காக வைத்திருக்கும் வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

மதிப்பெண் போட வேண்டியவர் இன்னும் வரவில்லை. எங்கள் கணினிவழிக் கற்பித்தல் புத்தகத்தையே எழுதிய ஸ்ரீனிவாசராகவன் அவர்.

"ரெக்கார்ட் ஆகுதும்மா ஜொவிட்டா, நீ ஆரம்பி" என்று சொல்லிவிட்டு, எங்கள் மயிலாப்பூர்க் கல்லூரி லேபில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார் அனந்தராமன் சார்.

காந்தம் கைகொடுத்தது. வீட்டில் அது எதில் ஒட்டுகிறது என்று காட்டச் சொன்னதுதான் தாமதம், ஒவ்வொரு கேமராவாகத் திறந்தது. ரூபீனா பீரோவையே காட்டினாள். எரிக் தன் மாமனாரின் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தான். மாமனார் அதைப் போட்டிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு கறுப்புக் கட்டம் பாக்கி. பெயர் வைதேகி.

எங்கள் வகுப்பில் அப்படி யாரும் கிடையாது. ஃபிரெட்ரிக்தான், வேறு யார்? ஒத்திகையில் கெங்கம்மா என்ற பெயரில் வந்து என் உயிரை வாங்கியவன்.

விடுவேனா?

"வைதேகிக் கண்ணு, அழக் கூடாது. கீழ கேமரா படம் இருக்கு பாரு, அதைத் தொடு. அது இல்லடி, பக்கத்துல. வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா கூப்பிடும்மா."

மைக் திறந்தது. ஒரு குக்கர் விசில். பின்னாலேயே ஒரு மாமியின் குரல்.

"ஏன்னா, அந்தப் பொண்ணு எத்தனை பொறுமையா சொல்லிண்டிருக்கா! அமுக்குங்கோளேன்!"

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. படவா, மாமி குரல்கூட வருகிறதே இவனுக்கு என்று நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

மேசைமேல் என் ஃபோன் ஒளிர்ந்தது. ஃபிரெட்ரிக்.

"மச்சி, கிண்டி டிராஃபிக்ல மாட்டிக்கினேன். உன் கிளாஸ் ஆரம்பிச்சிடுச்சா?"

கறுப்புக் கட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

கட்டம் வெளிச்சமானது. முதலில் மின்விசிறி தெரிந்தது. பிறகு நெற்றி நிறையத் திருமண். பிறகு, புத்தகத்தின் பின்அட்டையில் பார்த்த அதே முகம். அனந்தராமன் சார் எழுந்தே நின்றுவிட்டார்.

ஃபோன் மாமியுடையது போலிருக்கிறது. பிடித்திருந்ததும் மாமிதான். ஸ்ரீனிவாசராகவனின் ஒரு கையில் டபரா, மறு கையில் ஃப்ரிட்ஜிலிருந்து பிடுங்கிய காந்தப் பிள்ளையார்.

"உள்ளேன் டீச்சர்" என்றார். "பித்தளை டபரால இது ஒட்டவே மாட்டேங்கறதே, ஏன்?"

கேமரா எல்லாம் திறந்தாகிவிட்டது. கும்பிட்டு மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"வெரி குட் கொஸ்டின், வைதேகி!" என்று வந்தது.