அரை அவியல் முட்டை

தக்சாயினி கையை நீட்டி, தம்பியின் ராமெனில் மிதந்த பாதி முட்டையைக் குச்சிகளால் கவ்வி எடுத்தாள்.

“அரை அவியல். இது உனக்கு வேண்டாம்.”

சாருஜனுக்குக் காது மடல் வரை சூடேறியது. எதிரே, அக்காவின் பக்கத்தில் அஜிதா இருந்தாள். மூன்று மாதப் பழக்கம். கல்யாணப் பேச்சு எடுக்கமுன் அக்காவும் அவளும் ஒருதரம் பார்த்துப் பேசட்டும் என்றுதான், ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் எல்லோரும் புகழும் இந்த ஜப்பானியக் கடைக்குக் கூட்டிவந்திருந்தான். மழைக்குள் வரிசையில் நின்று கிடைத்த மேசை.

உப்பு ராமென்தான் இங்கே பேர்போனது. மஞ்சள் பூத்த தெளிந்த சூப்புக்கு அடியில் நூடில்ஸ் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது.

வுப்பர்டாலில் இருந்து ரயிலேறி வந்த அக்கா, அஜிதாவிடம் சுகம் விசாரித்ததோடு சரி. அதன் பிறகு அவள் கண் அவனுடைய கரண்டியை விட்டு அகலவில்லை.

“நூடில்ஸை மட்டும் சாப்பிடு. சூப்பைக் குடிக்காதை.”

அஜிதா சிரித்தாள். “இன்னும் சின்னப்பிள்ளை மாதிரித்தான் பாக்கிறியள், அக்கா.”

அந்தச் சிரிப்புத்தான் அவனைச் சுட்டது. முப்பத்துமூன்று வயது. பிறந்தநாள் விழாவோ கோயில் அன்னதானமோ, எங்கே போனாலும் அக்காவின் குரல் அவனுக்கு முன்னால் போய் நிற்கும். அவனுக்கு உப்பைக் குறையுங்கோ. அவனுக்கு அவியாததை வையாதேங்கோ.

கரண்டியைக் கீழே போட்டான். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, அக்காவைப் பார்த்துக்கொண்டே குடித்தான். சூடும் உப்பும் தொண்டையில் வழுக்கி இறங்கின. அது அவ்வளவு ருசியாக இருந்தது கோபத்தை இன்னும் கூட்டியது.

தக்சாயினி எட்டிக் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். சூப் மேசையெல்லாம் சிந்தியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

“அப்ப திருப்பி எடுங்கோவன்!” சாருஜன் கத்தினான். “தந்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கோ. என்னை விடுங்கோ!”

அஜிதா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “எதை?”

தக்சாயினி தம்பியை வெறித்தாள். இந்தப் பெண்ணிடம் அவன் இன்னும் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் கறுத்தது. எல்லாவற்றையும் இப்போதே கொட்டிவிடப் போகிறாள் என்று அவன் நினைத்தான்.

அவள் ஒரு தாளை உருவி, சிந்திய சூப்பை ஒற்றினாள்.

“திறப்பு,” என்றாள், சாவியைத் திருகுவதுபோல் விரல்களைத் திருப்பி. “என்ரை வீட்டுத் திறப்பு ஒண்டு இவனிட்டை இருக்கு.”

“ஒரு திறப்புக்கோ இவ்வளவு கோவம்?”

தக்சாயினியின் இடக்கை ஸ்வெற்றருக்கு மேலாக விலாவுக்குக் கீழே போய் அழுத்திக்கொண்டது. நான்கு வருடத்துக்கு முன் அவளுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்த இடம். குளிர் நாளில் இன்னும் இழுக்கும்.

அந்தச் சிறுநீரகம் மேசைக்கு மறுபுறம், சாருஜனுக்குள் இருந்து, அவன் குடித்த உப்பை வடிக்கத் தொடங்கியிருந்தது.

“திறப்பில்லை, அஜிதா,” என்றான் அவன்.