மல்லாந்து கிடந்த சிலந்தி

வெளியூரில் படிக்கும் மகள் ஒப்படைத்துப்போன குண்டம்மா என்ற டரான்டுலா சிலந்தியின் கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறது. ஜன்னல் வெயிலில், அதன் மூலையில் உதிர்ந்த ஒற்றை மயிர் மினுங்குகிறது. அப்பாவின் நகக்கண்களில் ஈர மண். கைப்பேசியில் அவள் குரல்: "குண்டம்மா மல்லாந்து கிடந்தா பயந்துடாதீங்கப்பா. தோல் உரிக்கிறான்னு அர்த்தம். அப்போ உடம்பு அவ்வளவு மெத்துன்னு இருக்கும், விரல் பட்டாலே போச்சு." "சரிம்மா," என்கிறார். செத்துவிட்டதென்று காலையில் அவரே புதைத்த பூந்தொட்டி எதிரில் இருக்கிறது. மனசு கேட்காமல் ஊற்றிய தண்ணீர் இன்னும் அடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. "இப்போ என்னப்பா பண்றா?" தோண்டப் போன விரல்கள், மண்ணைத் தொடப் பயந்து, அந்தரத்தில் நிற்கின்றன.