ஒரே ஒரு நிஜப் பாராட்டு

அறைக் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, கைப்பேசியில் மும்முரமாக இருந்தார் பல் டாக்டர். "தங்கமான கை... பூப்போலத் தொட்டார்... தொட்டதும் வலியெல்லாம் பறந்துபோச்சு" என்று வாய் முணுமுணுத்தது, விரல் தட்டியது. கடைசியில் 'இப்படிக்கு, புதுமணப்பெண்' என்று முடித்தார்.

"உள்ளே தனியா யார்கூடப் பேசிட்டு இருக்கீங்க?" வெளியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவள் வேலை. டோக்கன் வாங்கத்தான் ஆளில்லை.

"யாருமில்ல, சும்மா!" திரையின் உச்சியில் ஏதோ அறிவிப்பு எட்டிப் பார்த்தது. இருந்த பதற்றத்தில் அதைத் தள்ளிவிட்டு, அனுப்பிவிட்டார்.

புதுமணப்பெண் மட்டுமா? அதற்கு முந்தைய லாரி டிரைவரும் அவர்தான், பேங்க் மேனேஜரும் அவர்தான். எதிர்ச்சாரியில் கண்ணாடியும் ஏ.சி.யுமாக ஒரு புது பல் ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து, டாக்டர்களுக்கு நட்சத்திரம் போடும் இணையதளத்தில் தனக்குத்தானே மாலை போட்டுக்கொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டார் மனுஷன்.

ஆனால் விவரமான ஆள். வி.பி.என். போடாமல் எழுத மாட்டார். எழுதுவதையெல்லாம் அது வேறேதோ ஊர் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கிளினிக்கின் இணைய விலாசம் யாருக்கும் தெரியாது.

அத்தனை பொய்க்கு நடுவே ஒன்று மட்டும் நிஜம். 'பயந்தாங்கொள்ளி' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். "பல் டாக்டர் என்றாலே எனக்கு உதறும். வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றார். தூக்கினேன். நிஜமாகவே நிறுத்தினார்."

தினமும் அதை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கோட்டை மாட்டுவார். "யாரா இருக்கும்?" என்று மனைவியிடம் எத்தனையோ முறை கேட்டாயிற்று. "வர்றவங்க முகமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குமா?" என்பாள் அவள்.

மறுநாள் இணையதளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'உங்களைப் பற்றிய பாராட்டு ஒன்று உங்கள் கிளினிக்கின் இணைப்பிலிருந்தே வந்துள்ளது. ஆகவே அந்த இணைப்பிலிருந்து இதுவரை வந்த அனைத்தையும் நீக்கிவிட்டோம்.'

டாக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"என் சிநேகிதன் ஒருத்தன், மாப்ளே... வி.பி.என். போட்டுத்தான் எழுதினான். எப்படி மாட்டினான்?"

"நடுவுல அது அறுந்திருக்கும் மாமா. அறுந்துட்டா போன் நின்னு யோசிக்காது. பழையபடி நேர் வழியில, விலாசத்தோட அனுப்பிடும். அது அறுந்தா எல்லாத்தையும் நிறுத்துன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதைப் போட்டிருக்கணும்." மைத்துனன் தொண்டையைச் செருமினான். "சிநேகிதனைக் கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க. அவரு நல்ல டாக்டர்."

மானம் கப்பலேறிவிட்டது. கூசிப்போய் இணையதளத்தைத் திறந்து பார்த்தார். புதுமணப்பெண்ணைக் காணோம். லாரி டிரைவரும் பேங்க் மேனேஜரும் குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருந்தார்கள். ஆனால், ஐயோ, பயந்தாங்கொள்ளியையும் காணோம்!

விடுவிடுவென்று வெளியே வந்தார். "அக்கிரமத்தைப் பாரு! என் பொய்யெல்லாம் அப்படியே இருக்கு, நிஜத்தைத் தூக்கிட்டானுங்க!"

கத்திய பிறகுதான் என்ன உளறினோம் என்று உறைத்தது. காலி நாற்காலி ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஆமா, நானேதான் எழுதினேன். எல்லாம் நான்தான். வெட்கமா இருக்கு. உன் முகத்தைப் பார்க்கவே கூசுது."

மனைவி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சத்தை நானே அழிச்சிடறேன். ஆனா அந்த ஒண்ணு எனக்குத் திரும்ப வேணும். அது இருந்ததாலதான் இன்னும் இந்தக் கதவைத் திறக்கிறேன்." டாக்டர் நாற்காலியை மேஜைப்பக்கம் இழுத்துப் போட்டார். "இங்க உட்கார்ந்து, நம்ம வைஃபையிலயே எழுதியிருக்காங்க போல. அதான் அதுவும் சேர்ந்து போயிடுச்சு. யாருன்னு கண்டுபிடிச்சுக் குடு. கால்ல விழுந்தாவது மறுபடி எழுதச் சொல்றேன்."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"கால்ல எல்லாம் விழாதீங்க... அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தான்."